திருப்பூரில் நேர்மைக்கு யார் பில் கட்டுவது?

கணக்குப்பிள்ளை:
சென்ற வாரம் ஒரு கல்லூரியில் நிர்வாகவியல் மாணவர்களுக்கு 'வணிகத்தில் அறமும் மனித மாண்பும்' என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். எழுதிக்கொண்டு போன குறிப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒரு மேசையைப் பற்றிச் சொன்னேன்.

இடது இழுப்பறையில் ஒரு சம்பள ரிஜிஸ்டர். எட்டு மணி நேர வேலை, ஞாயிறு விடுமுறை, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டருக்குக் காட்ட அது. வலது இழுப்பறையில் நீளவாக்கில் ஒரு நோட்டு. சனிக்கிழமை மாலை அதைப் பார்த்துத்தான் பணம் எண்ணுவார்கள். ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று நடந்தது நடந்தபடி அதில் இருக்கும். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஒரு மாணவி கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன்.

என் கட்சி இதுதான்: முதலாளிக்கு நீதிபோதனை வகுப்பு எடுத்து இதை மாற்ற முடியாது. யாருக்கு எந்தத் தேதியில் பணம் போகிறது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது, இந்த இரண்டையும் தொடாமல் பேசுகிற அறமெல்லாம் வரவேற்பறையில் மாட்டிய படம்.

பழைய முதலாளி:
இரண்டு இழுப்பறைக்கும் சேர்த்து ஃபீஸ் வாங்கியவர் எழுதுகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தேன்.

என்னிடம் இருநூறு மிஷின் ஓடுகிறது. மாதம் பிறந்தால் மில்காரர் புது நூல் விலை சொல்கிறார். பையரோ போன வருடத்து விலையை எடுத்து வைத்து, அதிலும் ஐந்து சென்ட் குறையுங்கள் என்கிறார். சரக்கு நான்கு நாள் தாமதமானால் கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் ஏற்று, செலவு உன்னுடையது என்பார். வங்கதேசத்துச் சட்டை ஐரோப்பாவுக்குள் சுங்கம் கட்டாமல் நுழைந்த காலமெல்லாம் நம் சட்டை கட்டிவிட்டுத்தான் நுழைந்தது. இத்தனைக்கும் நடுவில் தொழிலாளியை எப்படி நடத்த வேண்டும் என்று அவர் அனுப்பும் விதிகள் மட்டும் நாற்பது பக்கம். அந்த நாற்பது பக்கத்துக்கு விலையில் ஒரு பைசா கிடையாது. இந்த நாட்டில் தொழில் செய்கிறவன் முதலில் பிழைத்துக் கிடக்க வேண்டும் ஐயா. மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரத்துப்பாளையம்:
அந்த 'அப்புறம்' எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன் அண்ணா. வெள்ளியங்கிரியில் பிறக்கிற நொய்யல் ஆறு உங்கள் ஊரைத் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த எங்கள் ஒரத்துப்பாளையம் அணையில் உங்கள் ஊர்ச் சாயக்கழிவு நின்றது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயி, தயவுசெய்து தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடிய ஊர் எங்களுடையது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஒருநாள் மூன்று மணி நேரம் அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு அம்மா அதை எருமைக்கு ஊற்றினார். எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

நீங்கள் சொல்கிற பையர் குறைத்த அந்த ஐந்து சென்ட்டை நீங்கள் மட்டும் சுமக்கவில்லை. எங்கள் தென்னை சுமந்தது.

பழைய முதலாளி:
மறுக்கவில்லை தம்பி. ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. துணியைச் சாயத்துக்கு எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்பினோம். பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினோம். சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, உப்பைப் பிரித்து, தண்ணீரை மறுபடியும் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறோம். இந்தியாவில் ஒரு ஜவுளி ஊரே இதை முதலில் செய்தது என்றால் அது திருப்பூர்தான். கொதிகலனுக்கு விறகும் கரண்டும் எவ்வளவு ஆகும் தெரியுமா? அந்தச் செலவு இல்லாத ஊர்க்காரனோடுதான் இன்றைக்கும் ஒரே சந்தையில் நிற்கிறோம்.

ஒரத்துப்பாளையம்:
கட்டினீர்கள், சரி. மனம் திருந்தியா கட்டினீர்கள்? ஆற்றுப் பாசனத்தை நம்பிய எங்கள் ஆயக்கட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு, 2006-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதற்குப் பிறகும் கழிவு வந்து, 2011-ல் பூட்டுப் போட்ட பிறகுதானே? இத்தனை வருடமும் சாயம் ஓடியது. மூடிய காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாவட்டத்து ஆற்றங்கரைக்குப் போன பட்டறைகளைப் பற்றியும் பேசலாமா? சுத்திகரிப்பு நிலையங்களில் கழித்துக் கொட்டிய கலப்பு உப்பு இன்னும் குவிந்து கிடப்பதையும்?

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு:
ஐயா, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். எல்லாமே கோர்ட்டால்தான் நடக்கும் என்பது சற்று விரக்தியான பேச்சு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. வகுப்பில் விதைத்தால் பத்து வருடம் கழித்து முதலாளி நாற்காலியில் முளைக்கும் என்று நான் நம்புகிறேன்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அந்தச் சட்டம் யாருக்கு என்று பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இங்கே ஓடுகிற தகரக் கொட்டகைகளில் எத்தனைக்குப் பொருந்தும்? இன்னொரு வேடிக்கை: சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் பயன்படுகிற செலவு அந்தக் கணக்கில் சேராது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வெள்ளையடித்தால் சமூகப் பொறுப்பு. தன் தையல்காரப் பெண்ணின் குழந்தைக்குத் தொட்டில் கட்டினால் வெறும் செலவு. (அது கட்டாயம் செய்ய வேண்டிய கடமை, அதனால் சேர்க்கவில்லை என்பார்கள். நியாயம்தான். செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.)

ஓவர்லாக் அக்கா:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். தொட்டில் என்றதும் எழுதத் தோன்றியது.

ஆடிட் அன்று எங்களுக்கு மாஸ்க் வரும். கட்டிங் மாஸ்டருக்கு இரும்பு வலைக் கையுறை வரும். குழந்தைகள் அறை என்று பலகை மாட்டிய இடத்திலிருந்து அட்டைப் பெட்டிகளை எடுத்துவிட்டு நான்கு பொம்மைகளை வைப்பார்கள். 'எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்டால் ஐந்தரை என்று சொல்லுங்கள்' என்று சூப்பர்வைசர் முதல்நாளே ஒப்பிக்க வைப்பார். சொல்வோம். ஏன் சொல்கிறோம் என்றால், உண்மையைச் சொல்லி ஒன்றரை ஷிப்டை நிறுத்திவிட்டால் எட்டு மணி நேரக் கூலியில் வாடகைக்கும் பிள்ளை ஃபீஸுக்கும் எங்கே போவது? அந்த இரண்டாவது நோட்டில் எங்கள் சம்மதமும் இருக்கிறது. அது எந்த மாதிரிச் சம்மதம் என்று நீங்களே யோசியுங்கள்.

என் தங்கையை ஒரு நூற்பாலையில் சுமங்கலித் திட்டம் என்று சேர்த்தோம். மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்து வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. முடிய நான்கு மாதம் இருக்கும்போது மூச்சுத் திணறலோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வருடம் முடியவில்லையே என்று அந்தத் தொகையைத் தரவில்லை. அந்த மில் வாசலில் ஒரு சாமி படம் இருந்தது, தினமும் புதுப் பூ.

பழைய முதலாளி:
அம்மா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது அயோக்கியத்தனம்.

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு:
நான் முன்பு எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். சுவரில் விரிசல் விட்டது முதல்நாளே தெரியும். கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடின, தையல்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்துத் தொழிற்சாலைகளிலும் முன்பே ஆடிட் நடந்திருக்கிறது. அதன் பிறகு வந்த கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம்தான் பையர்களைச் சட்டப்படி கட்டிப்போட்டது. இங்கேயும் 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்கத் தொழிற்சங்கமும் ஏற்றுமதி நிறுவனமும் கையெழுத்திட்டன. வெளிநாட்டு பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. பழைய முதலாளி ஐயா கேட்பதும் இதைத்தானே? பையரும் பொறுப்பேற்க வேண்டும் என்று?

பழைய முதலாளி:
நாற்பது பக்கத்தோடு விலையையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இரண்டு இழுப்பறையையும் நானே உடைத்து விறகாக்குகிறேன்.

பத்து மிஷின்:
பையர் உங்களுக்குச் செய்வதை நீங்கள் எங்களுக்குச் செய்கிறீர்களே முதலாளி, அதைப் பேசலாமா? நான் ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை செய்கிறவன். பீஸ் தைத்துக் கொடுத்து 120 நாள் ஆகிறது, செக் வரவில்லை. சிறுதொழில் சட்டம் 2006-லிருந்து 45 நாள் கெடு என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும், அதனால் யாரும் கேட்பதில்லை. 2024-லிருந்து வருமானவரியிலும் ஒரு பிடி வைத்தார்கள்: கெடு தாண்டி, மார்ச் 31 வரை எங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்த வருடம் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. நல்ல சட்டம் என்று மகிழ்ந்தேன். ஒரு கம்பெனியில் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொன்னார்கள்: 'சிறுதொழில் என்று காட்டுகிற உன் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தொடரும்.'

கணக்குப்பிள்ளை:
பணம் எந்தத் தேதியில் போகிறது என்று நான் கேட்டது இதைத்தான். ரத்து செய்தீர்களா?

பத்து மிஷின்:
இல்லை. ஆர்டர் பாதியானது.

ஓவர்லாக் அக்கா:
அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் ஷெட்டில் மருத்துவக் காப்பீட்டுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறீர்களா?

பத்து மிஷின்:
ரிஜிஸ்டரில் ஒன்பது பேர். பத்துப் பேர் ஆனால்தானே இ.எஸ்.ஐ.

ஓவர்லாக் அக்கா:
நான் ரிஜிஸ்டரைக் கேட்கவில்லை.

பத்து மிஷின்:
(ஒரு மணி நேரம் கழித்து) பதினான்கு. பிசிர் வெட்டி மடிக்கிற பெண்கள் ஐந்து பேர், பீஸ் ரேட். போன மாதம் அவர்களில் ஒருத்தி டெய்லர் வராத அன்று மிஷினில் உட்கார்ந்து ஊசி விரலில் ஏறிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் 6,800 ரூபாய். நான்தான் கட்டினேன். கட்டியதைப் பெருமையாகக்கூட வீட்டில் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
மாதச் சம்பளம் 12,000 என்று வைத்தால் முதலாளி பங்கு 3.25%, தலைக்கு 390 ரூபாய். ஐந்து பேருக்கு 1,950. ஆனால் பதிவு செய்தால் பதினான்கு பேருக்கும் கட்ட வேண்டும், 5,460. உங்கள் கொட்டகைக்கு அது சின்னத் தொகை இல்லை, தெரியும்.

பத்து மிஷின்:
ஆர்டர் தருகிறவர்கள் பீஸுக்கு நாற்பது பைசா ஏற்றித் தந்தால் தாங்கும். திங்கட்கிழமை உங்கள் ஆபீஸுக்கு வரட்டுமா?

கணக்குப்பிள்ளை:
பத்து மணிக்கு மேல் வாருங்கள். பதினான்கு பேருடைய ஆதார் நகலும் வேண்டும்.

பழைய முதலாளி:
நாற்பது பைசாவா? அன்றைக்கு நானும் வருகிறேன். இருபதில் பேசி முடிப்போம்.