புதுப்பிப்பு: பையனின் கையில் பிரம்படித் தடிப்பு

கோயில் இளையர் குழுவின் துணைப்பாட வகுப்பில் அதைப் பார்த்துவிட்டு, தொண்டூழியர் புகார் செய்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தேன்.

சிங்கப்பூரில் எல்லாரையும் அப்படிக் கட்டாயப்படுத்தும் பொதுச்சட்டம் இல்லை. ஆனால் சிறார், இளையர் சட்டப்படி, சந்தேகம் வந்தாலே தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குப் பாதுகாப்பு உண்டு. 2020 முதல் 18 வயதுக்குட்பட்ட எல்லாரும் இதில் அடக்கம்.

"ஆதாரம் திரட்டுங்க" என்று சிலர் சொன்னீர்கள். வேண்டாத வேலை. துருவித் துருவிக் கேட்டால் பின்னால் விசாரணைதான் கெடும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்றான், சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டே. அந்த வாக்கை மட்டும் கொடுக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதி, தேதி போட்டு, ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினேன். அப்புறம் வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண்ணான 1800-777-0000-ஐ அழைத்தேன். 24 மணி நேரச் சேவை. மேல்விவரம் கேட்காதீர்கள், பையனை யாரும் அடையாளம் காணக்கூடாது.