மலைமுகட்டுக்கும் சாமியாடியிடமும் அழைத்துச் செல்லப்படும் இரண்டு பெண்கள்: ‘மந்திரி குமாரி’, ‘கொட்டுக்காளி’ பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி

அழகாபுரம் வாசகி (சேலம்):

அண்மையில் எங்கள் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு படங்களைப் பார்த்தோம். ஒன்று, 1950-இல் நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’. அது என் மாமியாரின் விருப்பம். மற்றொன்று, பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024-இல் வெளிவந்த ‘கொட்டுக்காளி’. அது கல்லூரியில் படிக்கும் என் மகளின் விருப்பம். இரண்டின் முடிவையும் பற்றிப் பேசப்போகிறேன் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத படங்கள் என்றுதான் உட்கார்ந்தேன். பார்த்து முடித்த பிறகோ, இரண்டிலும் ஒரே பயணம் நடப்பதாகத் தோன்றியது. முதல் படத்தில் கொள்ளைக்காரனான கணவன் பார்த்திபன், தன் மனைவியும் அமைச்சரின் மகளுமான அமுதவல்லியை, கொல்வதற்காக இனிக்க இனிக்கப் பாடி மலைமுகட்டுக்கு அழைத்துச் செல்கிறான். இரண்டாவது படத்தில், வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவு செய்த உறவினர்கள், அவளை ஆட்டோவில் ஏற்றி, சுற்றிலும் இருசக்கர வண்டிகள் வர, ஒரு சாமியாடியிடம் கொண்டு செல்கிறார்கள். அமுதவல்லி, சாகுமுன் கணவனை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, அவன் பின்னால் வந்ததும் அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள். மீனா படம் நெடுகிலும் வாய் திறப்பதே அரிது. அவளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் படம் சொல்வதில்லை.

மாமியார் ‘கொட்டுக்காளி’ முடிந்ததும், “அவ்வளவுதானா, கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டார். மகள் ‘மந்திரி குமாரி’யின் நடுவிலேயே, “எல்லாரும் எதற்கு மேடையில் நிற்பதுபோலவே பேசுகிறார்கள்?” என்று சலித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு படங்களுமே பிடித்திருந்தன. பழைய படங்களின் நீண்ட வசனம் அக்காலத்துப் பழக்கம் மட்டும்தானா, அல்லது மௌனத்தால் இயலாத எதையாவது அது செய்ததா? அமுதவல்லி தப்பியது பேசத் தெரிந்ததால் என்றால், பேசாமலிருக்கும் மீனா தோற்றுவிட்டாள் என்று கொள்ள வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர்:

அம்மணி, உங்கள் மகளின் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தை மேடையின் நீட்சி என்று அவர் கண்டுகொண்டதே பாதி விடைதான். ‘மந்திரி குமாரி’ படமாவதற்கு முன் மு. கருணாநிதி எழுதிய நாடகமாக மேடையேறியது. அவர் சேலத்தில் தங்கி மாடர்ன் தியேட்டர்ஸுக்கு எழுதிய காலம் அது. பார்த்திபனாக நடித்த எஸ்.ஏ. நடராஜனும், அவன் தந்தை ராஜகுருவாக நடித்த நம்பியாரும் நாடக மேடையில் தேறியவர்கள். பின்வரிசையில் இருப்பவருக்கும் சொல் சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்ற பயிற்சியோடு வந்தவர்கள்.

அந்தப் படங்களை மக்கள் எங்கே பார்த்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகள்தாம் இருந்தன. மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம், அழும் குழந்தைகள், முறுக்கு விற்பவர், ரீல் மாற்றுவதற்காக அடிக்கடி இடைவேளை. ஒரு பார்வையிலோ பெருமூச்சிலோ கதையின் முடிச்சை வைத்திருந்தால் பாதிப் பேருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. சொல் காதில் விழுந்து மனத்தில் தங்க வேண்டும், மறுநாள் தெருவில் சொல்லிப் பார்க்கும்படியும் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட முழு வசனத்தையும் ஒப்பித்த காலம் அது.

ஆகவே அதைப் பழக்கம் என்று மட்டும் ஒதுக்க நான் உடன்படமாட்டேன். கொள்ளையை விட்டுவிடும்படி சொல்லும்போது, கொள்ளையடிப்பதும் ஒரு கலை என்று பார்த்திபன் எதிர்வாதம் செய்யும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டவன் அழகாகப் பேசுகிறான். கேட்பவர்களும் சிரித்து ரசிக்கிறார்கள். அதே நாவன்மைதான் பிறகு மலையில் பாட்டாக மாறி மனைவியைச் சாவுக்கு அழைக்கிறது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ‘வாராய் நீ வாராய்’ ஒரு காதல் பாட்டாகக் கேட்பவர்களுக்கு இனிக்கும். அவன் எண்ணம் தெரிந்து கேட்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஜி. ராமநாதனின் மெட்டு அவன் உள்நோக்கத்தைக் காட்டிக்கொடுப்பதேயில்லை. பேச்சால் ஏமாற்றுபவனை, “மூன்று முறை வலம்வருகிறேன்” என்ற பணிவான பேச்சாலேயே அமுதவல்லி வீழ்த்துகிறாள். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை இது. காப்பியத்தில் சில பாடல்களே எஞ்சியிருக்க, கதை மட்டும் வாய்வழியாகவும் உரைகள் வழியாகவும் நம்மிடம் வந்திருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாத அமெரிக்கர். அவர் நாடு திரும்பிய பின் மீதியை முடித்தவர் ஸ்டுடியோ அதிபர் டி.ஆர். சுந்தரம்; இருவர் பெயரும் இயக்குநர்களாக வரும். மொழி தெரியாத ஒருவர் வசனப் படம் எடுத்ததால்தானோ என்னவோ, மலைக்காட்சியில் முகங்களும் பாறை விளிம்பும் பேசும் அளவுக்கு வேறு இடங்களில் படம் பேசவில்லை. மகளிடம் அந்தக் காட்சியை மட்டும் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மலைவாசி (ஏற்காடு):

பெரியவர் சொன்னதற்கு ஓர் ஒட்டு. அந்த மலைக்காட்சி எங்கள் சேர்வராயன் மலையில்தான் எடுக்கப்பட்டது என்று இங்கே தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்டுடியோவும் ஏற்காடு சாலையில்தானே இருந்தது. இன்று அதன் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்து, அதே பாட்டை ‘லேடிஸ் சீட்’ காட்சிமுனையில் நின்று கைப்பேசியில் போட்டுக் கேட்கிறார்கள். கணவன் மனைவியைக் கொல்ல அழைக்கும் பாட்டைப் புதுமணத் தம்பதியர் ரசிப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

நான் சொல்ல வந்தது ‘கொட்டுக்காளி’யைப் பற்றி. அதை முதலில் தோட்டத்து வேலை முடிந்து வந்து, கைப்பேசியில், அதன் சிறு ஒலிபெருக்கியில்தான் பார்த்தேன். எதுவுமே நடக்கவில்லை என்று பாதியில் மூடிவிட்டேன். பிறகு தங்கை மகன் வாங்கிக்கொடுத்த ஹெட்போனில் பார்த்தபோது வேறு படமாக இருந்தது. அந்தப் படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ எந்திரத்தின் இரைச்சல், பலிக்காகக் கொண்டுபோகும் சேவலின் சிறகடிப்பு, காற்று, மீனாவை மணக்கவிருக்கும் உறவினனான, தொண்டை கட்டிப்போய்ச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் பாண்டியின் கரகரத்த குரல் ஆகியவைதாம் அதன் வசனம். வழியில் ஒலிக்கும் ஒரு சினிமாப் பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அதற்கே பாண்டி வெறிகொண்டு அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். ஹெட்போன் இல்லாமல் பார்த்தபோது அந்த முணுமுணுப்பு எனக்குக் கேட்கவேயில்லை. அவன் எதற்காக அடித்தான் என்றே புரியவில்லை. ஆக, டூரிங் கொட்டகைக்காரர்களுக்கு வசனம் உரக்க வேண்டியிருந்ததுபோல, இந்தப் படத்துக்கு நல்ல ஒலி வேண்டும். உங்கள் மாமியார் எதில் பார்த்தார்?

குகை ரசிகன் (சேலம்):

பெரியவர் மேல் மதிப்பு உண்டு. ஆனால் இந்தப் பேச்சு ‘பழையது பேசும், புதியது மௌனம் காக்கும்’ என்ற இரட்டைக்குள் சிக்கிக்கொள்வதாக எனக்குப் படுகிறது. அதே 2024-இல் வந்த ‘மெய்யழகன்’ ஓர் இரவு முழுவதும் இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டே இருக்கும் படம். வெளியாகிச் சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். பேச்சு அதிகம் என்று புகார் சொன்ன அதே ரசிகர்களில் பலர், ஓடிடியில் பார்த்தபின் கண்கலங்கியதாக எழுதினார்கள். மறுபுறம், 1954-இல் வந்த ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத படம். ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை.

எனக்கு இதில் மிகவும் சுவையாகத் தோன்றுபவர் இயக்குநர் மகேந்திரன்தான். 1974-இல் வந்த ‘தங்கப்பதக்கம்’ படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் அவர். சிவாஜி உச்சரிப்பதற்கென்றே செதுக்கிய வசனங்கள். நான்கே ஆண்டுகளில் ‘முள்ளும் மலரும்’, அடுத்த ஆண்டில் ‘உதிரிப்பூக்கள்’ என்று, சொல்லைக் குறைத்துக்கொண்டே போனார். வசனம் எழுதத் தெரியாமல் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ‘உதிரிப்பூக்க’ளின் முடிவில் ஊரார் சேர்ந்து ஒருவனை ஆற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், அதுவும் ஓர் அழைத்துச் செல்லல்தான், இம்முறை போகிறவன் ஆண். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறான். படம் முழுக்கச் சேமித்து வைத்த மௌனத்தை அந்த ஒரு பேச்சுக்காகச் செலவழித்ததுபோல இருக்கும்.

வாசகி அவர்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மீனா தோற்கவில்லை என்பதே என் கருத்து. அவளைச் சுற்றியிருப்பவர்கள் அனைவருக்கும் அவள் வாயிலிருந்து ஒன்று வேண்டியிருக்கிறது: ஒப்புதல், அழுகை, குறைந்தபட்சம் ஒரு கெஞ்சல். அதைத் தராமலிருப்பதுதான் அவள் கையில் மிஞ்சியிருக்கும் உரிமை. பெயரே அதைச் சொல்கிறது; பிடிவாதக்காரி என்று ஊர் வைத்த பெயர். வழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்க, இத்தனை ஆண்களும் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் இயக்குநர் யார் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. கடைசியில் அந்தச் சாமியாடி வேறொரு பெண்ணை நடத்தும் விதத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பவன் பாண்டி. முடிவெடுக்க வேண்டியவன் அவன் என்பதால்தான் படம் அவன்மேல் போய் நிற்கிறது. எனக்கு ஒரு குறையும் உண்டு: என்ன முடிவெடுப்பது என்ற அந்தக் கேள்வியை நம்மிடம் நேராகக் கேட்டுவிட்டு வெட்டுவது, அதுவரை காத்த அடக்கத்துக்குப் பொருந்தாமல் சற்று வலிந்து தெரிகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர்:

மகேந்திரன் பற்றிச் சொன்னது சரிதான், தம்பி. ஆனால் ‘தங்கப்பதக்க’த்துக்குக் கைதட்டிய கூட்டம்தான் ‘உதிரிப்பூக்க’ளுக்கும் வந்தது. பேச்சைக் கேட்டுப் பழகிய காது இல்லாவிட்டால், அது நிற்கும்போது ஏற்படும் வெறுமையும் உறைக்காது. காளை இடத்தை நான் கவனிக்கத் தவறவில்லை என்றாலும், நீங்கள் சொன்ன விதத்தில் நினைத்துப் பார்த்ததில்லை.

அழகாபுரம் வாசகி:

அனைவருக்கும் நன்றி. மலைவாசி அண்ணா, மாமியார் எங்கள் வரவேற்பறைத் தொலைக்காட்சியில், மின்விசிறி முழு வேகத்தில் ஓட, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்களுக்கு நடுவே பார்த்தார். மீனா முணுமுணுத்த இடத்தில் எனக்குமே பாட்டுக் கேட்டதே தவிர அவள் குரல் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை விசிறியை நிறுத்திவிட்டு அந்தப் பகுதியை மீண்டும் போடுவதாக இருக்கிறேன்; வெயில் காலத்தில் வீட்டார் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்பது வேறு விஷயம். பெரியவர் சொன்ன ஒலியில்லா மலைக்காட்சியை மகள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். பார்த்திபனின் முகம் சிரித்துக்கொண்டே இருப்பது ஒலியோடு பார்த்ததைவிடப் பயமாக இருந்ததாம். ‘உதிரிப்பூக்கள்’ நல்ல பிரதியில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால், அதை இருவருக்கும் சேர்த்தே போட்டுக்காட்டிவிடுவேன்.