ஸ்டெப் 2 சிகே 247: ஜெனரல் சர்ஜரிக்குத் தேறுமா?

மருதக்காரன்22:
அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையில ஸ்டெப் 2 சிகே ரிசல்ட் வந்துருச்சு, 247. செப்டம்பர்ல ஈராஸ் (ரெசிடென்சி, அதாவது மேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கற தளம்) போடணும். அமெரிக்காவுல ஜெனரல் சர்ஜரிதான் வேணும். இந்த ஸ்கோருக்கு எத்தனை ப்ரோக்ராம் போடலாம்? லிஸ்ட் இன்னைக்கே முடிக்கணும், சீக்கிரம் ப்ளீஸ்.

கத்திகபடா:
எந்த வருஷம் முடிச்சீங்க? கேட்டகாரிகலா (முழுப் பயிற்சி சீட்டு), ப்ரிலிமா (ஒரு வருஷ சீட்டு)? விசா வேணுமா? ஸ்டெப் 1 முதல் தடவையிலேயே பாஸா? இதெல்லாம் தெரியாம 247-ஐ மட்டும் வச்சு யாராலும் ஒண்ணும் சொல்ல முடியாது.

டாக்டர்_நெல்லை:
ஸ்கோரை விடுங்க, சிபாரிசு லெட்டர்தான் எல்லாம். அப்சர்வர்ஷிப் (சும்மா கூட நின்னு பார்க்கறது) லெட்டர்ல "வந்தார், பார்த்தார், ஆர்வமா இருந்தார்" அவ்வளவுதான் எழுத முடியும். வார்டுல கேஸ் எடுத்து, தியேட்டர்ல கை கழுவி நின்ன எலக்டிவ் (மாணவரா இருக்கும்போது செய்யற பயிற்சி) இருக்கா? டிகிரி முடிஞ்சுட்டா அது பெரும்பாலும் கிடைக்காது.

தையல்_மாஸ்டர்:
தேடல் பெட்டின்னு ஒண்ணு மேல இருக்கு தம்பி, மாசத்துக்கு மூணு பேர் இதே கேள்வி. பரவாயில்ல, கேட்டுக்கோங்க.

2022 ஜனவரி 26-லேர்ந்து ஸ்டெப் 1-க்கு நம்பர் கிடையாது, பாஸ் ஃபெயில்தான். அதனால நம்பரை வச்சு ஃபில்டர் போட ப்ரோக்ராம்காரங்ககிட்ட மிச்சமிருக்கறது சிகே ஒண்ணுதான். பாஸ் மார்க் 218-ஐப் பார்த்து சந்தோஷப்படாதீங்க, அமெரிக்கப் பசங்க சராசரியே 250-ஐ ஒட்டி இருக்கு. 247-க்கும் 252-க்கும் திறமையில வித்தியாசம் சொல்ல முடியாது, பரீட்சையோட அளவுப் பிழையே அஞ்சாறு மார்க் இருக்கும். ஆனா 250-ல வச்ச ஃபில்டருக்கு அது தெரியாது.

அப்புறம் சார்ட்டிங் அவுட்கம்ஸ், அதாவது மேட்ச் (ரெசிடென்சி சீட் ஒதுக்கீடு) முடிவு அறிக்கை. அமெரிக்க எம்.டி. பசங்க அறிக்கையை மூடிட்டு ஐஎம்ஜி (வெளிநாட்டுல படிச்ச டாக்டர்) அறிக்கையைத் திறங்க. சராசரியைப் பார்க்காதீங்க, உங்க ஸ்கோர் இருக்கற கட்டத்துல மேட்ச் ஆனவங்க எத்தனை, ஆகாதவங்க எத்தனைன்னு எண்ணுங்க. அதுலயும் ஒரு ஓட்டை: ரேங்க் லிஸ்ட் (எந்த ப்ரோக்ராம் வேணும்னு கொடுக்கற விருப்பப் பட்டியல்) கொடுத்தவங்க மட்டும்தான் கணக்குல வருவாங்க. ஒரு இன்டர்வியூகூட வராம ஒதுங்கினவங்க "மேட்ச் ஆகாதவர்"லயே கிடையாது. நிஜ நிலவரம் அந்த வரைபடத்தை விட மோசம்.

மருதக்காரன்22:
2021 பாஸ் அவுட். விசா வேணும். ஸ்டெப் 1 முதல் தடவை. ரெண்டு அப்சர்வர்ஷிப். ஸ்டெப் 3 எழுதல. சிகே திரும்ப எழுதி ஏத்தலாமா?

கத்திகபடா:
பாஸான பரீட்சையைத் திரும்ப எழுத விடமாட்டாங்க. ஸ்டெப் 3 இல்லைன்னா எச்1பி விசா பேச்சே இல்ல, ஜே1 விசா தர்ற இடமா மட்டும் வடிகட்டுங்க. ரெசிடென்சி எக்ஸ்ப்ளோரர்ங்கற தளத்துல உங்க விவரம் போட்டுப் பாருங்க. கடைசியா ஒவ்வொரு ப்ரோக்ராம் தளத்துலயும் ரெசிடென்ட்ஸ் படம் போட்ட பக்கத்தைத் திறங்க. ஐஎம்ஜி எல்லாரும் முதல் வருஷ ப்ரிலிம் வரிசையில மட்டும் நின்னு, மூணாம் நாலாம் வருஷத்துல ஒருத்தர்கூட இல்லைன்னா, அங்க கேட்டகாரிகல் போடற காசு தண்டம்.

டாக்டர்_நெல்லை:
ப்ரிலிம் போடச் சொல்லாதீங்க. ஒரு வருஷ சீட்டு, அடுத்த வருஷம் நடுத்தெரு.

கத்திகபடா:
சார், கேட்டகாரிகல் சீட் வருஷத்துக்கு 1,700 சொச்சம், கிட்டத்தட்ட எல்லாம் நிரம்பிடும். ப்ரிலிம் வருஷா வருஷம் நூத்துக்கணக்குல காலியா ஸோப்புக்கு (மேட்ச் முடிஞ்சு மிச்ச சீட்டை நிரப்பற சுற்று) போகுது. விசா வேண்டிய ஐஎம்ஜிக்கு உள்ள நுழைய வேற வழி என்ன?

கோவை_ஓடி:
எதுக்கு இந்தப் பாடு? நீட் பிஜி எழுதுங்க. ரேங்க் இருந்தா சீட், லெட்டரும் வேண்டாம் இன்டர்வியூவும் வேண்டாம்.

டாக்டர்_நெல்லை:
எம்.எஸ். மூணு வருஷம் முடிச்சுட்டு அமெரிக்கா போனாலும் முதல் வருஷத்துலேர்ந்துதான். பாஸ் அவுட் வருஷமும் பழசாகும்.

கோவை_ஓடி:
அமெரிக்கா போகச் சொன்னது யாரு?

தையல்_மாஸ்டர்:
தலைப்பை ஒரு தடவை படிச்சுட்டுப் பேசுங்கய்யா. கேட்ட ஆளே ஓடிப் போயிருப்பான்.

கோவை_ஓடி:
தமிழ்நாட்டுல சர்வீஸ் கோட்டாவுல 50 சதவீதம் இருக்குன்னு சொல்ல வந்தேன், அது தப்பா?

டாக்டர்_நெல்லை:
அது அரசு வேலையில இருக்கறவங்களுக்கு. அவர் இருக்காரான்னு கேட்டீங்களா?

மருதக்காரன்22:
250 கட்ஆஃப்னு போட்டிருந்ததெல்லாம் எடுத்துட்டேன். ப்ரிலிமும் போடறேன். அதுக்குத் தனியா காசா?

கத்திகபடா:
ஒரே ப்ரோக்ராம்ல ரெண்டு ட்ராக்கையும் டிக் பண்ணா கூடுதல் கட்டணம் இல்ல. ஆனா பர்சனல் ஸ்டேட்மென்டை ட்ராக் பார்த்து மாத்தி இணையுங்க. உங்க எண்ணிக்கை இப்ப எவ்வளவு?