கெஸ்கட்டுக்கு என்ன சொல் வைப்பம்? என்ட ஓட்டு 'மூட்டுச்சீலை'

வணக்கம் எல்லாருக்கும்,

கார்ச் சாமானுகளுக்கு தமிழ்ச் சொல் தேடுற நம்மட இந்தக் குழுப் பக்கம் ரெண்டு கிழமையா தலைகாட்டல்ல. நீங்க இஞ்ச கெஸ்கட்டுக்கு, அதுதான் எஞ்சினில ரெண்டு பாகம் சேருற இடத்தால ஒயில் ஒழுகாம நடுவில வைக்கிற துண்டுக்கு, தமிழ் தேடிக்கொண்டிருந்த நேரம் நான் மட்டக்களப்பு கல்லடியில எங்கட முத்தத்தில மாமரத்துக்குக் கீழ அதே கெஸ்கட்டோட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன், அதால வந்த கடிதம் எல்லாத்தையும் நேத்து ராவுதான் ஒரே இருப்பில வாசிச்சன். ரெண்டுக்கு மட்டும் பதில் சொல்றன்.

> கசிவைத் தடுப்பது அதன் வேலை. எனவே 'கசிவுத்தடுப்பான்' என்பதே பொருத்தமான சொல்.

திருக்கோவில் சேர் கோவிக்கப்படா. சொல் கேட்க நல்லாத்தான் இரிக்கி, ஆனா கசிவத் தடுக்கிறது சுத்துற தண்டுக்குப் போடுற ஒயில் சீலும்தான், றப்பர் ஓ-ரிங்கும்தான், டியூபில வாற சிலிக்கனும்தான், தண்ணிப் பைப்புக்கு சுத்துற வெள்ளை டேப்பும் அதத்தான் செய்யுது. எல்லாத்துக்கும் ஒரே பேர் வச்சா பேர் வச்சு என்ன பிரயோசனம்? அதவிட இன்னொரு கோளாறு இரிக்கி. அந்தச் சொல்லக் கேட்டா தடுக்கிற வேலைய அந்தத் துண்டு தானாச் செய்யும் போல ஒரு நினைப்பு வரும். நானும் அப்பிடித்தான் நினைச்சன், நினைச்சு ஒரு கெஸ்கட்ட பழுதாக்கினன். கதையச் சொல்றன், நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கட வண்டி பழைய டொயோட்டா டிஎக்ஸ் வேகன், 4கே எஞ்சின், 1290 சிசி, காபரேட்டர் வண்டி. கொஞ்ச நாளா கல்முனை போய் வந்து நிப்பாட்டினா பொனட்டுக்குள்ளால கருகின மணம், மெல்லிசா ஒரு புகை. பொனட்டத் தூக்கிப் பாத்தா டெப்பட் கவர் (எஞ்சினுக்கு மேல இருக்கிற மூடி) விளிம்பால ஒயில் கசிஞ்சு வழிஞ்சு சூடான எக்ஸோஸ்டில பட்டு எரியுது. கீழ கார்ட்போட் மட்டை ஒண்டு விரிச்சு வச்சன், விடிய எழும்பிப் பாத்தா ரெண்டு ரூபாக் குத்தியளவில அஞ்சாறு பொட்டு. இதுக்கெல்லாம் கராஜுக்கு போற அளவுக்கு என்ன இரிக்கி எண்டு காத்தான்குடியில போய் ஒரு கோர்க் பெக்கிங் (கராஜில கெஸ்கட்டுக்கு அதான் பேர்) வாங்கி வந்தன்.

எஞ்சின நல்லா ஆறவிட்டு, எயார் கிளீனரக் கழட்டி, பிளக் வயர் நாலுக்கும் ஒட்டுத்துண்டில நம்பர் எழுதி ஒட்டி, எஞ்சினுக்குள்ள இருக்கிற காத்து வெளிய போற பிரீதர் பைப்ப இழுத்து, கவரக் கழட்டினன். பழைய கோர்க் பிஸ்கட் மாதிரிக் கிடந்தது, தொட தொட உடையுது. (உள்ள ஒயில் திரும்பிப் போற ஓட்டைகள் இரிக்கி, சுரண்டுறத்துக்கு முதல் அதுகள துணியால அடைச்சிருங்க, இல்லாட்டி உடைஞ்ச கோர்க் எல்லாம் கீழ ஒயில் தொட்டி, அதுதான் சம்பு, அதுக்குள்ள போய்ச் சேரும். கவர் உக்காருற ஹெட் அலுமினியம், ஸ்குரு டிரைவரால கீறினா கீறின வழியால திரும்ப ஒழுகும், பிளாஸ்ரிக் துண்டால சுரண்டுங்க.) எல்லாம் பெற்றோல் துணியால துடைச்சு, புதுசை வச்சு, கவரப் போட்டு, போல்ட்டுகள கிறுக்கு கிறுக்கெண்டு கிறுக்கினன். தடுப்பான்தானே, எவ்வளவு இறுக்கினா அவ்வளவு தடுக்கும் எண்டு ஒரு கணக்கு.

மூண்டாம் நாள் மட்டையில முந்தியவிட பெரிய பொட்டு.

மறுகா கல்முனையில எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் காக்கா (அண்ணன்) ஒராளுக்கு போனில படம் அனுப்பினன். அவர் படத்தப் பாத்திட்டு சிரிச்சார். போல்ட் இருக்கிற இடத்தில கோர்க் வெளிய பிதுங்கி வெடிச்சிருக்கு, போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில கவர் தகரம் வளைஞ்சு மேல எழும்பி நிக்கிது, அதுக்குள்ளால ஒயில் தாராளமாப் போகுது. "தம்பி, பெக்கிங்க நசிக்கத்தான் வேணும், நசுக்கிக் கொல்லப்படா" எண்டார். அந்த ஒரு வசனத்தில என்ட படிப்பு முடிஞ்சிது. இரும்புக்கு இரும்பு எவ்வளவு மட்டமா இருந்தாலும் நடுவில கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும், மெத்தெண்ட ஒண்ட இடையில வச்சு அளவா நசிச்சா அது அந்தப் பள்ளத்துக்குள்ள போய் நிறைஞ்சு உக்காரும், அவ்வளவுதான் அதுட வேலை. அளவுக்கு மிஞ்சினா பிதுங்கும், பிறகு திரும்பி வர ஏலாது. ஆறு மில்லிமீட்டர் போல்ட் பூட்டின கன டெப்பட் கவருக்கு 5 - 8 நியூட்டன் மீட்டர் காணும், அது ஸ்பேனர ரெண்டு விரலால பிடிச்சு கிறுக்கிற பலம்தான். நான் முழங்கையில நிண்டு கிறுக்கினன். நல்ல காலம் மரை கழரல்ல, கழண்டிருந்தா சனம் வண்டியச் சொல்லாது, என்னச் சொல்லியிருக்கும்.

ரெண்டாந்தரம் றப்பர் பெக்கிங் வாங்கினன். கவரக் கவுட்டு பலகையில வச்சு விளிம்ப சுத்தியலால மெதுவாத் தட்டித் தட்டி மட்டமாக்கினன். பிரீதர் பைப்பையும் பாத்தன், பாதி அடைச்சுக் கிடந்தது. அது அடைச்சா எஞ்சினுக்குள்ள காத்து அமுக்கம் கூடி எந்தப் புதுப் பெக்கிங்கையும் தள்ளிக்கொண்டு ஒயில் வெளிய வரும், ஆக முதல் குற்றவாளி கெஸ்கட்டா பைப்பா எண்டு இப்பவும் எனக்கு ஒரு சந்தேகம் இரிக்கி. பிறகு நடு போல்ட்டில துவங்கி குறுக்குக்குறுக்கா, ஒரே தரத்தில இறுக்காம, மூண்டு சுத்தா.

இப்பதான் சொல்லுக்கு வாறன். நான் கவர் விளிம்பில சிலிக்கன் கொஞ்சம் பூசி றப்பர வச்சு அமத்திறத்த அம்மா படியில இருந்து பாத்துக்கொண்டிருந்தவ, சும்மா சொன்னா: "என்ன மனே, உன்ட அப்பப்பா சட்டிக்கு சீலைமண் செய்யிறமாதிரியே இரிக்கி." எனக்கு கை நிண்டுட்டு.

சீலைமண் தெரியாதவங்களுக்கு: நாட்டு வைத்தியத்தில பற்பம், செந்தூரம் எடுக்கிற நேரம் மருந்த ஒரு மண் அகலில வச்சு இன்னொரு அகலால மூடி, ரெண்டும் சேருற வாயச் சுத்தி துணியில குழைச்ச களிமண் பூசி ஒட்டுவாங்க, காயக் காய சுத்து மேல சுத்தா, ஏழு சீலைமண் எண்டு ஏட்டுகளில வரும். பிறகு அத வரட்டிக்கு நடுவில வச்சு புடம் போடுறது. உள்ள சூடும் ஆவியும், வெளிய நெருப்பு, நடுவில ரெண்டு பாத்திரம் சேருற வாய், அந்த வாயால ஒண்டும் வெளிய போகப்படா. சிலிண்டர் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில இருக்கிற பிரச்சினையும் அதேதானே. காருக்கு முன்னமே நம்மட ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை தெரியும், விடையும் தெரியும், பேரும் வச்சிருக்காங்க.

எனக்கு இதில கூடப் பிடிச்சது, அதுக்குள்ள ரெண்டு சாமான் இருக்கிறது. சீலை வேற, மண் வேற. நம்மட சிக்கலும் அதுதானே, வெட்டி எடுத்த துண்டும் கெஸ்கட், டியூபில இருந்து பிதுக்கிப் பூசுறதும் 'லிக்விட் கெஸ்கட்', ரெண்டையும் எப்பிடிப் பிரிக்கிறது எண்டு போன மாசம் சண்டை பிடிச்சம். வெட்டி எடுத்த துண்டு சீலை. பூசுறது மண்ட இடத்தில வருது, அத மூட்டுப்பூச்சு எண்டுவம். ரெண்டு பாகம் அசையாமச் சேருற இடம் மூட்டு, அந்த மூட்டுக்குள்ள போற துண்டு மூட்டுச்சீலை. டெப்பட் கவருக்குப் போறது மூடிச்சீலை, சம்புக்குப் போறது தொட்டிச்சீலை, ஹெட் கெஸ்கட் தலைச்சீலை. (தலைச்சீலை எண்டதும் முக்காடு ஞாபகம் வருதெண்டு வீட்டில சிரிப்பு. வரட்டும், அதுவும் தலைய மூடுறதுதானே.)

கோர்க்குக்கும் றப்பருக்கும் சரி, செம்புக்கும் பல மடிப்பு உருக்குத் தகட்டுக்கும் சீலை எண்டு எப்பிடிச் சொல்றது எண்டு சம்மாந்துறைத் தம்பி கட்டாயம் கேப்பார், அதால இப்பவே சொல்லிவைக்கிறன். எள்ளுல எடுத்த நெய்தான் எண்ணெய். இண்டைக்கு தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் எல்லாம் சொல்றம், எள்ளு எங்க எண்டு யாரும் தேடல்ல.

> சனம் பெக்கிங் எண்டுதான் சொல்லுது. அதையே வைங்க, எதுக்கு சும்மா புதுச்சொல்?

கராஜில பெக்கிங் இருக்கட்டும், அத யாரும் தூக்க ஏலாது, நானே மேல எத்தின தரம் எழுதியிரிக்கன் பாருங்க. ஆனா வீட்டில கார் பாக்கிற ஆக்களுக்கு தமிழில குறிப்பு எழுதுவம் எண்டுதானே துவங்கினம். பெக்கிங் எண்டு எழுதினா தண்ணிப் பம்பு தண்டுக்குச் சுத்துற கயிறும் பெக்கிங், கடதாசித் துண்டும் பெக்கிங், சாமான் கட்டுற பெட்டியும் பெக்கிங்தான். வாசிக்கிறவர் எதக் கழட்டுவார்?

ஒண்டு ஒத்துக்கொள்றன். நம்மட பள்ளிக்கூடப் புத்தகத்தில ஒளித்தொகுப்பு, ஒட்சிசன் எண்டெல்லாம் படிச்சம், சோதினையில எழுதினம், வெளிய வந்து யாரும் கதைக்கல்ல. 1936ல சென்னையில நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு தலைமை தாங்கினவர் நம்மட காரைதீவு விபுலானந்த அடிகள் எண்டு சேர் எழுதியிருந்தீங்க, அந்தப் பெருமை எனக்கும் இரிக்கி. எண்டாலும் மாநாட்டில பிறந்த சொல்லு கைக்கு வாறத்துக்கு ஒரு வழி வேணும். சீலைய அம்மா யாரும் கேக்காமச் சொன்னா, எனக்கு அந்த ஒரு காரணமே காணும்.

சரி, எல்லாம் எழுதி அனுப்புவம் எண்டு இருந்திட்டு, சொல்லு ஓடுமா எண்டு பாக்க இண்டைக்கு காலம்பற அதே காத்தான்குடிக் கடைக்குப் போனன். கையிருப்புக்கு இன்னொண்டு வாங்கிற சாட்டு. "தம்பி, டிஎக்ஸ் வேகனுக்கு மூடிச்சீலை ஒண்டு தாங்க" எண்டன். பொடியன் ஒரு நிமிசம் என்னப் பாத்தான், உள்ளுக்குப் போனான், வந்து மேசையில வச்சான். கிராங்க் தண்டுக்குப் போடுற ஒயில் சீல்.

அவனில பிழையில்ல. காதுக்கு சீலும் சீலையும் ஒண்டுதான், எழுதினாத்தான் வேற. சுத்துற தண்டுக்குப் போடுறது சீல், அசையாத மூட்டுக்குப் போடுறது சீலை எண்டு நான் கடையில நிண்டு விளங்கப்படுத்தினன், பின்னால நிண்டவர் சுறுக்கா வாங்கிட்டு போங்க எண்டார், கடைசியில "பெக்கிங்" எண்டு சொல்லித்தான் வாங்கி வந்தன்.

மூட்டுச்சீலைய நான் விடல்ல. ஆனா ஒயில் சீலுக்கு முதல் ஒரு தமிழ் வச்சாத்தான் இது நிக்கும் போல. தண்டு எண்டு துவங்கி யாராவது ஒண்டு சொல்லுங்க, வளையம் எண்டு முடிக்காதீங்க, பிஸ்டன் ரிங்குக்கு அது ஏற்கனவே போயிட்டு.

மட்டை இண்டைக்கு நாலாவது நாளா காஞ்சு கிடக்கு.