சலவைத்தூள் மூன்று வாரம் காணோம், நான்காம் வாரம் மலைபோல் குவிந்தது. என்ன கணக்கு இது?

காலி_அலமாரி:
ரொம்ப நாளாக மனதில் இருக்கும் சந்தேகம். வீட்டுக்கு வழக்கமாக வாங்கும் சலவைத்தூள் திடீரென்று கடையில் இல்லை. கேட்டால் "லோடு வரவில்லை" என்ற ஒரே பதில். மூன்று வாரம் இதே கதை. அப்புறம் ஒரு நாள் போனால் அலமாரி முழுக்க அதே தூள், நடக்கிற வழியில்கூட அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் வேறு. மூன்று வாரத்தில் ஊர் உலகத்தின் அழுக்குத்துணி கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியானால் யாரோ பதுக்கி வைத்துவிட்டு இப்போது தள்ளிவிடுகிறார்களா?

கிடங்குக்காரன்:
பதுக்கியவன் இலவசம் கொடுக்க மாட்டான், விலையை ஏற்றுவான். இங்கே நடந்தது வேறு.

கிடங்கில் ஆர்டர் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு கடையில் வாரத்துக்கு 100 பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஏதோ காரணத்தால் 120 போய்விட்டது. கடைக்காரர் 120 மட்டும் கேட்க மாட்டார், கையிருப்பு குறைந்துவிட்டதே என்று 140 கேட்பார். அவரைப்போல நாலு பேர் கேட்டதும் விநியோகஸ்தர் "சரக்கு சூடு பிடித்துவிட்டது" என்று இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுவார், அவருக்கு மேலே இருப்பவர் அதற்கும் மேலே போடுவார். கடைசியில் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது அந்த 20 பாக்கெட் ஏற்றம் இரண்டு மடங்கு தேவை மாதிரி தெரியும். இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர்: பிடியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், நுனி பறக்கும். புரொக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் குழந்தைகளின் டயப்பர் ஆர்டர்களைப் பார்த்தபோதுதான் இந்தப் பெயரே பிரபலமானது. குழந்தைகள் நனைப்பது என்னவோ ஒரே சீராகத்தான், ஆர்டர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது!

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சரக்கு குறைவாக இருக்கும்போது கம்பெனி கேட்டதில் பாதிதான் தரும். அது தெரிந்ததும் எல்லோரும் தேவைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். நானே செய்திருக்கிறேன், வெட்கமில்லாமல். பிறகு தொழிற்சாலை கூடுதல் ஷிப்ட் போட்டு எல்லாவற்றையும் அனுப்பிவிடும்போது, கேட்டவனுக்கே அதை வைக்க இடம் இருக்காது. நீங்கள் பார்த்த மலை அதுதான்.

பேக்கிங்_செக்‌ஷன்:
மேலே சொன்னது சரி, ஆனால் எல்லாவற்றுக்கும் சாட்டையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பல சமயம் உள்ளே இருக்கும் பொருள் தாராளமாக இருக்கும், அதைப் போடும் கவரோ மூடியோதான் இருக்காது. 2020இல் பிரிட்டனில் கடைகளில் கோதுமை மாவு காலியானது. மில்களில் மாவு கொட்டிக் கிடந்தது. அங்கே அரைக்கும் மாவில் சுமார் 4 சதவீதம்தான் சில்லறைக் கடை வழியாகப் போகும், மற்றதெல்லாம் மூட்டையிலும் டேங்கர் லாரியிலும் பேக்கரிக்கும் தொழிற்சாலைக்கும் போவது. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ரொட்டி சுட ஆரம்பித்ததும், சின்னப் பையில் அடைக்கும் இயந்திரங்கள் இருபத்து நாலு மணி நேரம் ஓடியும் போதவில்லை. அதே வருடம் கைகழுவும் திரவத்துக்குப் பம்ப் மூடி கிடைக்காமல் தவித்தார்கள். திரவம் தயார், பாட்டில் தயார், மூடிக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குக்கும் குழாய்க்கும் காத்திருப்பு. டாய்லெட் பேப்பர் கதையும் கிட்டத்தட்ட இதுதான், அலுவலகத்துக்குப் போகும் பெரிய உருளையும் வீட்டுக்குப் போகும் சிறிய உருளையும் வேறு வேறு வரிசையில் தயாராகிறவை, ஒன்றை நிறுத்திவிட்டு உடனே மற்றதை ஓட்ட முடியாது.

கப்பல்_பைத்தியம்:
யாரும் கப்பலைப் பற்றிப் பேசவில்லையே என்று வந்தேன். 2021 மார்ச் 23ஆம் தேதி எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது. 400 மீட்டர் நீளம், ஆறு நாள் அடைப்பு, அப்போது உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் போய்க்கொண்டிருந்த வழி. ஆறு நாள்தானே என்று தோன்றும். ஆனால் நின்ற கப்பல்கள் எல்லாம் ஒன்றாகப் போய்த் துறைமுகங்களில் குவியும், இறக்க ஆளும் கிரேனும் போதாது, அடுத்த ஏற்றுமதிக்கு வேண்டிய காலி கன்டெய்னர் தப்பான ஊரில் நிற்கும். ஆறு நாள் அடைப்பு தீர ஆறு நாள் போதாது.

இருப்பு வைக்காமல் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் சரக்கை வரவழைக்கும் "ஜஸ்ட் இன் டைம்" முறையை எல்லோரும் திட்டுவதும் எனக்குப் பிடிக்காது. அந்த முறைக்குப் பேர்போன கார் கம்பெனி டொயோட்டாவே ஜப்பானின் 2011 பூகம்பத்துக்குப் பிறகு, வர நாளாகும் மின்னணு சிப்புகளை மட்டும் மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று பிரித்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் இருப்பைக் குறைப்பதை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

காலி_அலமாரி:
எல்லோருக்கும் நன்றி. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், சரக்கு வந்த அன்று நானும் நாலு பாக்கெட் வாங்கிவிட்டேன். இனி இரண்டு மாதம் அந்தப் பக்கம் போக மாட்டேன். நானும் சாட்டையை ஆட்டியிருக்கிறேன் போல.

சரி, கடையில் நின்று பார்த்தே எந்த இடத்தில் உடைந்தது என்று ஊகிக்க முடியுமா?

கிடங்குக்காரன்:
உறுதியாக முடியாது, ஆனால் நான் பார்க்கும் முறை இது. எல்லாப் பிராண்டும் ஒன்றாகக் காணாமல் போனால் கச்சாப்பொருளில் கோளாறு. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தியது நினைவிருக்கும். சமையல் எண்ணெயில் மட்டுமா, சோப்பிலும் ஷாம்பூவிலும் அதுதான் இருக்கிறது, அதனால் யார் பெயரில் விற்றாலும் அடி ஒன்றுதான். ஒரு பிராண்டு மட்டும் எல்லா அளவிலும் இல்லையென்றால் அந்தத் தொழிற்சாலை அல்லது அந்த விநியோகஸ்தர். ஒரு அளவு மட்டும் இல்லையென்றால் பேக்கிங்.

காலி_அலமாரி:
அப்படியா! யோசித்துப் பார்த்தால், பெரிய பாக்கெட்தான் இல்லை. சின்ன சாஷே மூன்று வாரமும் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பேக்கிங்_செக்‌ஷன்:
கவர்தான். முதலிலேயே சொன்னேன்.

கிடங்குக்காரன்:
கவர் இல்லாததால் மூன்று வாரம் காலி, ஒத்துக்கொள்கிறேன். நாலாம் வாரம் வழியை அடைத்த மலைக்கும் கவர்தான் காரணமா? அது என்னைப் போன்ற ஆட்கள் இரண்டு மடங்கு கேட்டது ஐயா.