புதுப்பிப்பு: பாதி இறக்கத்தில் பின் பிரேக் லீவர் தொய்வது – தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. மவுண்டன் சைக்கிள் டவுன்ஹில் (மலை இறக்க) ரேஸில் பாதித் தூரத்துக்கு அப்புறம் பின் பிரேக் லீவர் கைப்பிடி வரை போவதும், ஆறியதும் தானாகச் சரியாவதும்தான் பிரச்சினை. புது பேட் (பிரேக் தட்டை இறுக்கும் கட்டை) போட்டும் பலனில்லை. "ஆயில் கொதிக்குது, ப்ளீட் பண்ணுங்க" என்று வந்த பதில்தான் வேலை செய்தது (ப்ளீட் என்றால் பழைய ஆயிலையும் குமிழிகளையும் வெளியேற்றிப் புது ஆயில் நிரப்புவது).

இது டாட் 5.1 என்ற வகை ஆயில் போடும் பிரேக். புது ஆயில் 260 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் உறிஞ்சிய ஆயில் 180-லேயே கொதிக்கலாம். ஆவி அமுங்கும், லீவர் தொய்யும். வெளியே வந்த ஆயில் கட்டங்காப்பி நிறம். பேடைக் கழற்றி, அந்த இடத்தில் ப்ளீட் பிளாக் (பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் கட்டை) செருகி, காலிப்பரிலிருந்து (சக்கரத்தருகே பேடைப் பிடித்திருக்கும் பாகம்) புது ஆயிலை மேல்நோக்கித் தள்ளினேன். லீவரைத் தட்டத் தட்டத்தான் கடைசிக் குமிழிகள் வந்தன. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுத் துடையுங்கள், அரித்துவிடும்.

எதிர்பாராதது ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு). குறைந்தபட்சத் தடிமன் 1.5 மி.மீ. என்று அதிலேயே பொறித்திருக்கிறது. மைக்ரோமீட்டர் காட்டியது 1.4. மெலிந்த ரோட்டர் சீக்கிரம் சூடேறும். 180 மி.மீ. விட்ட ரோட்டரை எடுத்துவிட்டு 203 மி.மீ. போட்டாயிற்று (காலிப்பரைப் பொருத்தும் அடாப்டரும் மாறும், ஃப்ரேம் அந்த அளவை ஏற்குமா என்று முதலில் பாருங்கள்). இப்போது அடிவாரம் வரை லீவர் ஒரே இடத்தில் கடிக்கிறது.

மினரல் ஆயில் பிரேக்காக இருந்தால் டாட் ஊற்றவே கூடாது, சீல் ஊதிப்போகும்.