"போரடிக்குதும்மா" என்று பிள்ளை சொல்லும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இரு பிள்ளைகளின் அம்மா:

பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரைக்கும் எங்கள் வீட்டில் டிவி, போன், டேப்லெட் எதுவும் கிடையாது. பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. "போரடிக்குதும்மா" என்ற குரல் வந்தால் "சரிடா, போரடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அதைச் சிரித்த முகத்தோடு சொல்வது முக்கியம். தண்டனை என்று தோன்றிவிட்டால் என்னோடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

முதல் அரைமணி நேரம்தான் பாடு. சோபாவில் தலைகீழாகக் கிடப்பாள், தம்பியைச் சீண்டுவாள், அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடுவாள். அதைத் தாண்டிவிட்டால் ஏதாவது ஒன்று பிறக்கும். அப்படித்தான் ஒரு காலி அட்டைப்பெட்டியும் கொஞ்சம் துணி கிளிப்புகளும் தபால் நிலையமாயின. தம்பிக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவனுக்கு வரும் கடிதமெல்லாம் படமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே விதி போட்டாள். கடிதம் தொலைந்தால் புகார் கொடுக்கத் தனிப்பெட்டி வேறு! அந்தத் தபால் நிலையம் பல வாரங்கள் நடந்தது. "படம் வரையேன்" என்று நான் யோசனை சொல்லியிருந்தால் ஒரு படத்தோடு முடிந்திருக்கும்.

9 வயது மகனின் அப்பா:

நீங்கள் சொல்வது உண்மைதான் சகோதரி. சாண்டி மான், ரெபெக்கா காட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரியவர்களை வைத்துச் செய்தது. டெலிபோன் டைரக்டரியைப் பார்த்து எண்களை எழுதச் சொல்லி அலுப்பூட்டிவிட்டு, பிளாஸ்டிக் கப்பை என்னென்ன விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். அந்த அலுப்பான வேலையைச் செய்யாதவர்களைவிட இவர்களுக்கு அதிக யோசனைகள் வந்தன. எண்களை எழுதாமல் வெறுமனே வாசித்தவர்கள் இன்னும் புதுமையாக யோசித்தார்கள். கைக்கு வேலை இல்லாதபோது மனம் நன்றாக அலைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

என் அனுபவத்தில், நேரத்தோடு பொருளும் வேண்டும். சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-இலேயே எழுதினார்: நகர்த்த, சேர்க்க, பிரிக்க முடிகிற உதிரிப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கற்பனை ஓடும். பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மையில் பிள்ளை செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? எங்கள் வீட்டு மூலையில் கயிறு, மூடிகள், பழைய போர்வை, அட்டை, ஒட்டும் டேப் எல்லாம் ஒரு கூடையில் கிடக்கும். சாயங்காலமே அடுக்கி வை என்று சொல்வதில்லை. பாதியில் நிற்கிற பாலத்தை மறுநாள் அவன் தொடர வேண்டுமே.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

இருவரும் சொல்வதோடு எனக்கு உடன்பாடு, ஒன்றைத் தவிர. எல்லா "போரடிக்குது"வும் ஒன்றில்லை. பசி, தூக்கம், அன்றைக்குத் தோழியோடு நடந்த சண்டை எல்லாமே அந்த ஒரே சொல்லில்தான் வெளியே வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டோ என் துணியைப் பிடித்துக்கொண்டோ சொல்லும் குழந்தையைத் தனியே விடமாட்டேன். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசுவேன். அப்புறம் அதுவே இறங்கி ஓடிவிடும்.

திரை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைப் பெற்றோரிடம் சொல்லிவருகிறேன்: 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. போனை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். சாப்பாட்டு நேரம், பயண நேரம் என்று ஏதாவது ஒன்றில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். பயணத்தில் தொடங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததை வைத்துப் பிள்ளைகள் கதை கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம்.